ஆலனில் ஒரு வெள்ளைக் கோழி

மகளைப் பள்ளியில் விடப் போகும் வழியில் ஒரு வங்கிக் கிளையும் ஒரு பல் மருத்துவமனையும் வரும். இரண்டுக்கும் நடுவில் முள்கம்பி வேலி போட்ட வெற்று நிலம். அதில் கறுப்பு மாடுகள் நாலைந்து எப்போதும் மேய்ந்துகொண்டிருக்கும். டாலஸுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஆலனில், சுற்றிலும் கட்டடம் எழுந்துவிட்ட மேய்ச்சல் நிலத்தை இப்படி அங்கங்கே இன்னும் பார்க்கலாம். ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: இவ்வளவு விலை போகிற இடத்தில் மாட்டை யார் விட்டு வைத்திருக்கிறார்கள்?

விட்டு வைத்திருப்பது வரி. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. சொத்து வரிதான் கனம். 1978-இல் மாநிலத்தின் அரசியல் சட்டத்தைத் திருத்தி, உழவிலோ மேய்ச்சலிலோ இருக்கும் நிலத்துக்குச் சந்தை விலையை விட்டுவிட்டு விளைச்சல் மதிப்பின்மேல் வரி போட வழி செய்தார்கள். கோடிக்கணக்கில் விலை பேசப்படும் நிலம், மாடு மேயும்வரை சில நூறு டாலர் மதிப்புள்ள புல்வெளியாகவே கணக்கில் நிற்கும். கட்டடம் கட்டப் போகும்போது முந்தைய மூன்று ஆண்டுகளுக்கான வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அதுவரை மாடு மேயும், இல்லாவிட்டால் புல் அறுத்து உருளை உருளையாகக் கட்டி வைப்பார்கள். ஒரு நாள் திடீரென்று மாடுகள் இருக்காது. அடுத்த வாரம் மஞ்சள் இயந்திரங்கள் வந்து நிற்கும்.

இந்த ஊரே வயலின் மேல் எழுந்த ஊர்தான். 1870-களில் ஹூஸ்டன் அண்ட் டெக்சஸ் சென்ட்ரல் ரயில் பாதை இந்தப் பக்கம் வந்தபோது உண்டான நிறுத்தம் ஆலன். 1878 பிப்ரவரியில் சாம் பாஸ் கும்பல் இங்கே ஒரு ரயிலைக் கொள்ளையடித்தது என்பது உள்ளூர் வரலாற்றில் பெரிய செய்தி. மற்றபடி பருத்தி, மக்காச்சோளம், கோதுமை. 1970 மக்கள்தொகைக் கணக்கில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 2020-இல் 1,04,627 பேர். மண் நல்ல கறுப்பு. மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கும் கரிசல் இனம். கோடையில் வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிறோம். விடாவிட்டால் மண் சுருங்கிச் சுவர் விரியும். பருத்திக்குப் பாய்ந்திருக்க வேண்டிய தண்ணீர் இன்று சுவருக்குப் பாய்கிறது என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் நினைத்துக்கொள்வேன்.

அந்த வேலிக்குள் நிற்கும் மாடுகளை என் மகள் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஐந்து வயது. அவள் நன்றாகப் பழகிய பண்ணை விலங்கு ஒரு வெள்ளைக் கோழி. பெயர் மினர்வா லூயிஸ். ஜேனட் மார்கன் ஸ்டோக் எழுதி வரைந்த படப்புத்தக வரிசையின் நாயகி. முதல் புத்தகம் 1988-இல் வந்தது. அப்புறம் தொப்பி தேடிப் போனது, பள்ளிக்கூடத்துக்குப் போனது, சந்தைத் திருவிழாவுக்குப் போனது, சிவப்பு லாரியில் ஏறியது என்று அந்தக் கோழி இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்துகொண்டே இருந்தது. ஆலன் பொது நூலகத்திலிருந்து முதலில் எடுத்து வந்தது தொப்பிக் கதை. அதைத் திருப்பிக் கொடுக்கப் பட்ட பாட்டில், கடைசியில் விலைக்கே வாங்கிவிட்டோம்.

கதை என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. பனி பெய்த காலை. மற்றக் கோழிகள் கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. இந்தக் கோழிக்கு மட்டும் வெளியே போக ஆசை. குளிருக்கு எதையாவது போட்டுக்கொள்ள வேண்டும் என்று தேடிப் போகிறது. கண்ணில் பட்ட பொருளையெல்லாம் உடுப்பாக நினைத்துப் பார்க்கிறது, ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை கிடைக்கிறது. ஒன்றைத் தலையிலும் மற்றொன்றை வாலிலும் மாட்டிக்கொண்டு, இரண்டு தொப்பி கிடைத்த நிம்மதியில் பனியில் இறங்கி நடக்கிறது. அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கதையில் பள்ளி அதற்குப் பெரிய தொழுவமாகத் தெரிகிறது. பிள்ளைகள் பையும் கோட்டும் வைக்கும் தட்டுகள் முட்டையிடும் பெட்டிகளாகத் தெரிகின்றன. பேஸ்பால் கையுறைக்குள் இருக்கும் பந்து, யாரோ இட்ட முட்டை.

இந்தப் புத்தகங்களின் நுட்பம் எங்கே இருக்கிறதென்று புரிய எனக்குச் சில இரவுகள் பிடித்தன. எழுத்து கோழியின் பக்கம் நிற்கிறது. கோழி என்ன நினைக்கிறதோ அதை மட்டுமே சொல்லும். படமோ உள்ளதை உள்ளபடி காட்டும். வாசிக்கத் தெரிந்த நான் கோழியின் எண்ணத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன். வாசிக்கத் தெரியாத பிள்ளை படத்தைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்துவிடும். ‘அம்மா, அது முட்டை இல்ல, பந்து!’ என்று என் மகள் எழுந்து உட்கார்ந்து சொன்னபோது, அந்த அறையில் விவரம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நாள் முழுக்க இதைத் தொடாதே, அது அப்படி இல்லை என்று திருத்தப்படும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு, தன்னைவிட விவரம் குறைந்த ஒரு உயிரைப் பரிவோடு திருத்தும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? கோழியை யாரும் பழிப்பதில்லை. தண்டிப்பதுமில்லை. தப்பாகப் புரிந்துகொண்டபடியே அது சுகமாக வீடு திரும்புகிறது. நம் பஞ்சதந்திரக் கதைகளில் இப்படித் தப்பாகப் புரிந்துகொண்ட பிராணி உயிரோடு திரும்பியது குறைவு.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. பாட் ஹட்சின்ஸ் 1968-இல் செய்த ‘ரோஸிஸ் வாக்’. ரோஸி என்ற கோழி பண்ணையைச் சுற்றி ஒரு நடை போய்வருகிறது. பின்னாலேயே ஒரு நரி பாய்ந்து பாய்ந்து விழுகிறது. புத்தகம் முழுவதும் ஆங்கிலத்தில் 32 சொற்கள்தான்; அதில் நரி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. நரியைப் பற்றிச் சொல்ல வேண்டியது பிள்ளையின் வேலை.

இந்த வகைப் புத்தகங்களால் எங்கள் வீட்டில் இன்னொரு நன்மையும் நடந்தது. உண்மை படத்தில் இருப்பதால் எழுத்தை எந்த மொழியில் சொன்னாலும் கதை கெடுவதில்லை. பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, படத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். ஆலனிலும் பிளேனோவிலும் எனக்குத் தெரிந்த பல தமிழ் வீடுகளில் இரவுகளில் இதுதான் நடக்கிறது. எதுகை மோனையில் ஓடும் ஆங்கிலப் புத்தகங்களை இப்படிச் சொல்ல முடியாது. சாண்ட்ரா பாய்ன்டனின் மாடும் ஆடும் பாட்டாகவே வருவதால் அவற்றை ஆங்கிலத்திலேயே விட்டுவிட வேண்டியிருக்கிறது. மினர்வா லூயிஸோ எங்கள் வீட்டில் முழுத் தமிழ்க் கோழி. கொங்குத் தமிழும் பேசும்.

என் சிறு வயதில் நிலைமை நேர்எதிர். காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். கோழி, ஆடு, மாடு, எருமை, நாய் எல்லாம் எங்களோடு இருந்தன. அவற்றைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றுகூட என் கையில் இல்லை.

அம்மிச்சி வீட்டுக் கோழியைச் சொல்கிறேன். அடைக்கு வைக்கும் நாளில் அம்மிச்சி உடைந்த பானையின் அடிப்பாகத்தை எடுத்து, மணலும் தவிடும் பரப்பி, முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்குவார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று நடுவில் ஒரு கரித்துண்டும் ஒரு இரும்பாணியும் வைப்பார். கோழி இருபத்தொரு நாள் எழாது. தீனிக்கும் தண்ணிக்கும் மட்டும் இறங்கி, உடனே திரும்பி ஓடும். குஞ்சு பொரித்த பிறகு அந்தக் கோழி வேறு பிராணி. பருந்தின் நிழல் விழுந்தால் போதும், ஒரு குரல் கொடுத்து எல்லாக் குஞ்சுகளையும் இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் போனால் முகத்துக்கே பறக்கும். சாயந்திரம் பஞ்சாரத்துக்குள் அடைக்கும்போது அம்மிச்சி எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறைந்தால் அன்றைக்கு அவர் பேச மாட்டார். அதே கோழியின் குஞ்சு வளர்ந்து, சொந்தக்காரர்கள் வந்த நாளில் குழம்பாகும்போது, அவரே பரிமாறுவார். இரண்டும் ஒரே அம்மிச்சி. எங்களுக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை.

மாடு இன்னும் பெரிய சங்கதி. கொறங்காடு என்று சொன்னால் கொங்கு நாட்டுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. மழை குறைந்த அந்தச் செம்மண்ணில், கிளுவை முள்ளை உயிர்வேலியாக நெருக்கி நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் ஊடே வெள்வேல மரமும் வளரவிட்ட மேய்ச்சல் காடு அது. காங்கேயம் மாடு அந்தக் காட்டின் பிள்ளை. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தேர்ந்தெடுத்துப் பேணி வளர்த்ததால்தான் இந்த இனத்துக்குப் பேர் நின்றது என்று இன்றும் சொல்வார்கள். கவலை இறைக்கவும் வண்டி இழுக்கவும் உழவுக்கும் அந்த மாடுதான். மின்சார மோட்டாரும் டிராக்டரும் வந்த பிறகு, பாலுக்காகக் கலப்பின மாடுகள் கட்டுத்தரைக்கு வந்தன. காங்கேயம் மாடுகள் வேகமாகக் குறைந்தன. நான் வளர்ந்தது அந்த இறக்கத்தின் நடுவில்.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவேலென்று இருக்கும். ஆறு மாதத்துக்குள் அந்தச் செம்மை கரைந்து சாம்பல் வெளுப்பு ஏறிவிடும். காளையானால் திமிலும் கழுத்தும் தொடையும் கறுக்கும். எங்கள் கட்டுத்தரையில் பிறந்த ஒரு கிடாரிக் கன்றுக்கு நான்தான் செவலை என்று பேர் வைத்தேன். பள்ளி விட்டு வந்து சோளத்தட்டை நறுக்கிப் போடுவது, தாழியில் பருத்திக்கொட்டைத் தண்ணி காட்டுவது எல்லாம் என் வேலை. நிறம் மாறி மயிலையாகிவிட்ட பிறகும் பேர் செவலைதான். கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தைக்கு ஒரு வருடம் அப்பா அதை ஓட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது அவர் கையில் பழைய கயிறு மட்டும் இருந்தது. மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டு வர வேண்டும். அந்தக் கயிறு வெகுகாலம் கட்டுத்தரை ஆணியில் தொங்கியது. நான் அழுதேனா என்று அம்மாவைக் கேட்டால் இரண்டு நாள் சோறு உண்ணவில்லை என்கிறார்.

புத்தகத்தில் மட்டும் இந்த மாடு எங்கேயும் வரவில்லை. அரிச்சுவடியின் இரண்டாம் படம் ஆடு, அதோடு சரி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் வெள்ளைப் பசுவும் துள்ளும் கன்றும் பாட்டாக எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருந்தன. தமிழில் எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த மிக அன்பான பண்ணைக் காட்சி அதுதான். ஆனால் அது சின்னஞ்சிறு பாட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டும் கதை இல்லை. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் பசு வந்தால் அது அரசன் கொடுத்த தானமாக வரும். கோகுலம், பூந்தளிர் எல்லாம் ஆவலாக வாசித்தோம். அவற்றில் யானைக்கும் குரங்குக்கும் நரிக்கும் கிடைத்த இடம் எருமைக்குக் கிடைக்கவில்லை. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த சோவியத் புத்தகங்களில் வழவழப்பான தாளில் வாத்தும் பன்றிக்குட்டியும் இருந்தன. அவை பிர்ச் மரத்தடியில் மேய்ந்தன. மனுநீதிச் சோழன் கதைப் பசுவை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பசு நீதி கேட்க வருகிறது. அதற்கு ஒரு காலை நேரம், ஒரு குறும்பு, தெரியாத்தனமாக வழி மாறிப் போன ஒரு நாள் என்று எதுவும் இல்லை. பழகிய பிராணி கதைக்கு உதவாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டது போல இருந்தது. கட்டுத்தரையில் நிற்கிறதே, அதைப் போய் யார் வரைவார்கள்?

அதனால்தான் இந்த அமெரிக்கக் கோழியை வெறும் வேடிக்கைப் பொருளாக என்னால் பார்க்க முடிவதில்லை. கோழி இல்லாத வீட்டில் அட்டைக் கோழி என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். எங்கள் குடியிருப்போர் சங்க விதிகளில் கோழிக்கு இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் கோழி இருந்த வீட்டில் வளர்ந்த எனக்கு அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும் விதத்தை உட்கார்ந்து கவனிக்கச் சொல்ல யாரும் இல்லை. தடித்த கோட்டில் நாலு வண்ணத்தில் வரைந்த படம் அதை என் மகளுக்குச் சொல்லியிருக்கிறது. பக்கத்து ஊரான பிளேனோவில் ஹெரிடேஜ் ஃபார்ம்ஸ்டெட் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனபோது அதைக் கண்ணால் பார்த்தேன். 1891-இல் கட்டிய பண்ணை வீடு அது. முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த பண்ணையில் இன்று மிஞ்சியது நாலு ஏக்கர் சொச்சம். அங்கே வாழ்ந்த ஏமி வில்சன் ஹாம்ப்ஷயர் இனச் செம்மறிகளை வளர்த்துப் போட்டிகளில் பரிசு குவித்தவர். 1972-இல் அவர் இறந்த பிறகு வீட்டை மீட்டு 1986-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மற்றப் பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். என் மகள் கோழிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அது வாளியை என்னவாக நினைத்துக்கொண்டிருக்கும் என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்க நான் என் நாற்பதாவது வயதில்தான் கற்றேன், அதுவும் அவளிடமிருந்து.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தப் புத்தகங்கள் விட்டுவிடுவதையும் சொல்ல வேண்டும். அவற்றில் யாரும் மாட்டை விற்பதில்லை. முட்டை இருக்கும், குழம்பு இருக்காது. பண்ணை என்பது விலங்குகள் சும்மா வாழும் இடம் என்று பிள்ளை நம்பிவிடுகிறது. உழைப்பும் விலையும் வெட்டும் அங்கே நுழைவதில்லை. ஐந்து வயதுக்கு அது வேண்டாம் என்பார்கள். ஐந்து வயதில் நாங்கள் அதோடுதான் வாழ்ந்தோம். வாழ்ந்ததால் கெட்டுப்போகவும் இல்லை.

அமெரிக்கக் குழந்தை இலக்கியத்துக்கு இது தெரியாததல்ல. ஈ.பி. வைட் மெய்ன் மாநிலத்தில் தன் பண்ணையில் வளர்த்த பன்றி நோயில் செத்ததைப் பற்றி 1948-இல் ஒரு கட்டுரை எழுதினார். நாலு ஆண்டு கழித்து வந்த ‘சார்லட்ஸ் வெப்’ கதையில், வெட்டுக்குப் போக வேண்டிய பன்றிக்குட்டியை ஒரு சிலந்தி காப்பாற்றுகிறது, சிலந்தி செத்துப்போகிறது. அங்கே எதையும் மறைக்கவில்லை. ஆனால் அது எட்டு வயதுக்கான புத்தகம். அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கான அலமாரியில் மென்மை மட்டுமே அடுக்கியிருக்கிறது.

டெக்சஸ் வாழ்விலும் மறைவில்லை. இங்கே உயர்நிலைப் பள்ளிகளில் எஃப்.எஃப்.ஏ. என்ற வேளாண் மாணவர் அமைப்பு இருக்கிறது. நகரத்துப் பிள்ளைகளும் அதில் சேர்ந்து ஆடு, பன்றி, காளை வளர்க்கிறார்கள். காலின் கவுண்டியின் ஜூனியர் லைவ்ஸ்டாக் ஷோ மெக்கின்னியில் மையர்ஸ் பூங்காவில் நடக்கும். பரிசு பெற்ற விலங்குகளை ஏலம் விடுவார்கள். எங்கள் தெருவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மாதக்கணக்கில் காலை இருட்டில் எழுந்து போய்த் தீனி போட்டு வளர்த்த ஆட்டை அங்கே விற்றுவிட்டு வந்தாள். கல்லூரிச் செலவுக்கு அந்தப் பணம். மறுநாள் அவள் கண்கள் வீங்கியிருந்தன. என்ன சொல்வது என்று அவள் அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, நான் அவளிடம் கண்ணபுரத்தைப் பற்றிச் சொன்னேன். கயிற்றைக் கொடுப்பதில்லை என்ற இடத்தில் அவள் நிமிர்ந்து பார்த்து, அந்த ஆட்டின் கழுத்துப் பட்டையைத் தானும் கழற்றி எடுத்து வந்துவிட்டதாகச் சொன்னாள்.

அந்த மென்மையையும் இந்த விற்பனையையும் சேர்த்துப் பிடிக்கும் படப்புத்தகம் நம்மிடமிருந்துதான் வர வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் கட்டுத்தரையில் பிறந்து வளர்ந்து, இன்று படம் வரையவும் கதை எழுதவும் கற்ற தலைமுறை நம்மிடம் இப்போது உயிரோடு இருக்கிறது. இன்னும் முப்பது ஆண்டு கழித்து இருக்காது. தொடக்கங்கள் உண்டு. மகாஸ்வேதா தேவி தன் சிறு வயது வீட்டில் இருந்த நியாதோஷ் என்ற பசுவைப் பற்றி எழுதினார். மீனும் இறைச்சியும் தின்ற பசு. சென்னை துளிகா பதிப்பகம் ருச்சி ஷாவின் ஓவியங்களோடு அதைப் படப்புத்தகமாகப் போட்டிருக்கிறது. புனிதம், வதை என்று பெரியவர்கள் சண்டை போடும் ஒரு பிராணியை, ‘எங்கள் வீட்டு மாடு, அதன் குணம் இது’ என்று ஒரு எழுத்தாளர் தைரியமாகச் சொன்ன புத்தகம் அது. அதைப் போல ஒன்று வந்தால் போதாது. ஒரே பிராணி புத்தகம் புத்தகமாக வளர வேண்டும். பிள்ளைக்கு ஒரு விலங்கோடு சிநேகம் ஏற்பட, திரும்பத் திரும்ப அதைச் சந்திக்க வேண்டும். மினர்வா லூயிஸ் செய்தது அதைத்தான். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் 2015 முதல் திறந்த உரிமத்தில் கதைகளை வைத்திருக்கிறது. யாரும் மொழிபெயர்க்கலாம், புதிதாகவும் எழுதிச் சேர்க்கலாம். இதற்கு அச்சகம்கூட வேண்டியதில்லை.

இங்கே இரவு எட்டு மணிக்கு மகள் படுக்கைக்குப் போகும்போது, கோடைக்காலக் கணக்கில் அங்கே காலை ஆறரை. அப்பா பால் கறந்து முடித்துக் கட்டுத்தரைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வீடியோவில் அவருக்கும் படத்தைக் காட்டி வாசிப்போம். முதல் முறை மினர்வா லூயிஸைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “ஏங்கண்ணு, கோழி இத்தன தூரம் தனியாப் போகுதே, பட்டி நாய் ஒண்ணுமில்லையா?” மகள் பதில் சொன்னாள்: “இருக்கு அப்புச்சி. ஆனா அது ஃப்ரெண்ட்.” அவர் சற்று யோசித்து, “அப்படியும் இருக்கும் சாமி” என்றார். மறுநாளிலிருந்து அவர்தான் அலைபேசியை எடுத்து, இன்றைக்குக் கோழி எங்கே போகிறது என்று கேட்கிறார்.

நாங்கள் மூவருமாக ஒரு புத்தகம் செய்துகொண்டிருக்கிறோம். செவலை என்ற கன்றுக்குட்டியின் கதை. முதல் புத்தகத்தில் கன்றுக்குத் தான் செவலை என்பது தெரியும். ஆறு மாதத்தில் நிறம் மாறுவது தெரியாது. தாழித் தண்ணீரில் எட்டிப் பார்க்கிறது. ஒரு சாம்பல் மாடு பார்க்கிறது. உள்ளே வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று நினைத்து, அந்த மாட்டுக்கும் பருத்திக்கொட்டை மிச்சம் வைக்கத் தொடங்குகிறது. இந்த யோசனை மகளுடையது. வரைவது நான். திருத்துவது அப்பா. கிளுவை வேலியை நான் சாதாரண முள்வேலியாக வரைந்தால் விடமாட்டார். “இலை சின்னதா, கொத்துக் கொத்தா வரோணும். சந்து தெரியக் கூடாது. ஆட்டுக்குட்டி நுழையற சந்து இருந்தா அது வேலியா?” கொழுக்கட்டைப் புல்லின் கதிர் எப்படி இருக்கும் என்று காட்டக் காட்டுக்குள் அலைபேசியோடு நடந்து போனார். கன்றின் செம்மையை மூன்று முறை மாற்றி வரைந்தேன். அதை அவர் ஒத்துக்கொண்ட அன்று எனக்குச் சம்பள உயர்வு வந்த அன்றைக்குக்கூட இல்லாத சந்தோஷம்.

இப்போது சந்தைப் பக்கத்தில் நிற்கிறோம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, அடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடித்துப் பேரம் நடக்கும். செவலை அதைப் பார்க்கிறது. துண்டுக்கடியில் இரண்டு பேரும் ஏதோ ஒரு குஞ்சைப் பொத்தி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறது. எழுத்தில் அது மட்டும் வரும். படத்தில் துண்டு, இரண்டு கைகள், பக்கத்தில் மடித்த புதுக்கயிறு. வாசிக்கத் தெரியாத பிள்ளை கயிற்றைப் பார்க்கும். பார்த்துவிட்டு அம்மாவைக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் அதை அங்கே வைத்திருக்கிறேன்.

அடுத்த பக்கம்தான் நகரவில்லை. செவலையைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்கிறாள் மகள். “சந்தைக்குப் போனது சந்தைக்குப் போனதுதாங் கண்ணு, வாங்கினவரு ஊட்டுல நல்லா வெச்சுக்குவாரு, ரெண்டாம் புத்தகத்த அங்க ஆரம்பிக்கலாம்” என்கிறார் அப்பா. அந்த வீட்டில் கொறங்காடு இருக்கிறதா, தாழி இருக்கிறதா, தாழிக்குள் அந்தச் சாம்பல் மாடும் கூட வருமா என்று அவள் நேற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பா சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாங்கியவருக்கு எந்த ஊர் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது: வெள்ளகோவில். அங்கே ஒரு வெள்ளைக் கோழியும் இருக்க வேண்டும் என்பது மகளின் நிபந்தனை. பட்டி நாயும் வேண்டும் என்பது அப்பாவுடையது.